ஞானஸ்நானத்துக்கு மறுநாள்: சீஷத்துவமும் சபை வளர்ச்சியும்

ஞானஸ்நான ஆராதனை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபையிலும் தனிக் களை கட்டும். வெள்ளை உடுப்பு, பாட்டு, சாட்சி, போதகரின் ஜெபம், எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவரின் கையைப் பிடித்து வாழ்த்தாதவர்களே இருக்க மாட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை விடிகிறது. அவர் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். பழைய நண்பர்கள் பழைய இடத்துக்கே கூப்பிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆதியாகமத்தில் தொடங்கிய வாசிப்பு லேவியராகமத்தில் நின்றுபோகிறது. அன்றைக்கு அவரைத் தேடி வருகிறவர் யார்?

சபை வளர்ச்சி என்றால் நாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாற்காலி கூடுதலாகப் போட்டோம், கூட்டத்தில் எத்தனை பேர் கையை உயர்த்தினார்கள் என்று கணக்கெடுக்கிறோம். சீஷத்துவம் என்ற சொல்லோ திங்கட்கிழமைக்கு உரியது. சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வந்து பல ஆண்டுகளாகியும் இந்தச் சொல்லைப் பிரசங்கத்தில் மட்டும் கேட்டவர்களுக்கும் இதை எளிமையாக விளக்க விரும்புகிறேன்.

சீஷன் என்ற சொல்

சீஷர் என்றதும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். புதிய ஏற்பாடு இந்தச் சொல்லை அவ்வளவு குறுக்கிப் பயன்படுத்தவில்லை. யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு வஸ்திரங்களைச் செய்துகொடுத்த தபீத்தாளை அப்போஸ்தலர் நடபடிகள் "சீஷி" என்று அழைக்கிறது. அவள் மேடையேறிப் பிரசங்கித்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அதே புத்தகத்தின் 11-ஆம் அதிகாரம் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதன்முதலில் அந்தியோகியாவில் வழங்கியது என்கிறது. அப்படியானால் சீஷர் என்ற பெயர்தான் மூத்தது. கிறிஸ்தவர் என்பது பிறகு ஊரார் வைத்த பெயர்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் "கற்றுக்கொள்பவர்" என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கற்பதைவிட, நம் ஊர்த் தையல் கடையில் தொழில் பழகுவதையே இதற்கு ஒப்பிடலாம். பையன் முதல் நாளே கத்திரிக்கோலைத் தொட மாட்டான். காஜா எடுப்பான், பொத்தான் தைப்பான், மாஸ்டர் அளவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். தப்பாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பான். சில ஆண்டுகளில் அவன் வெட்டும் துணியில் மாஸ்டரின் கை தெரியும். தையல் கலையைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவன் கூடவே இருந்தான்; இருந்ததால் கற்றான்.

மாற்கு 3:14-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தியதற்கு அந்த வசனம் சொல்லும் முதல் காரணம், அவர்கள் "தம்மோடுகூட இருக்கவும்" என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நம்முடைய பல ஊழியத் திட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. புதிதாக வந்த வாலிபர் நன்றாகப் பாடுகிறார் என்றால் அடுத்த வாரமே மைக்கைக் கொடுத்துவிடுகிறோம். கூட இருப்பதற்கு மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

மத்தேயுவின் கடைசி வசனங்களையும் கவனிக்க வேண்டும். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்பதுதான் கட்டளை. ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அந்தக் கட்டளை நிறைவேறும் வழிகள். உபதேசம் என்பதும் சும்மா அறிவைக் கொடுப்பது அல்ல. தாம் கட்டளையிட்ட யாவையும் "அவர்கள் கைக்கொள்ளும்படி" உபதேசிக்கச் சொல்கிறார். மன்னிப்பைப் பற்றிய வசனங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர், ஐந்து வருடமாகப் பேசாமல் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பேசும் வரைக்கும் அந்தப் பாடம் முடியவில்லை. அதற்கு ஒரு பிரசங்கம் போதாது. அண்ணன் வீட்டு வாசல்வரை கூட நடந்துவர ஒருவர் வேண்டும்.

தேடிப் போகிறவன்

கூட நடந்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஆதிச் சபையின் பர்னபா. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பவில்லை, பயந்தார்கள். பர்னபாதான் அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துக்கொண்டு போனார். பிறகு அந்தியோகியாவில் சபை பெருகத் தொடங்கியதும், தர்சு பட்டணம்வரை போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சபையோடே இருந்து உபதேசித்தார்கள்.

மாற்கு என்னும் யோவானின் கதை இன்னும் நெருக்கமானது. பர்னபாவும் பவுலும் போன முதல் ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுத் திரும்பிப் போன இளைஞர் அவர். மறுபடி அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பர்னபா சேர்த்துக்கொண்டே தீர வேண்டும் என்றார். அதனால் இருவருக்கும் இடையே கடுமையான வாக்குவாதம் எழுந்து, பிரிந்தே போனார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அதே பவுல் மாற்குவை அழைத்து வரச் சொல்கிறார். ஊழியத்தில் அவன் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் பர்னபாவோடு அந்த இளைஞருக்கு என்ன நடந்தது என்று வேதாகமம் விவரிக்கவில்லை. சீஷத்துவ வேலை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, யார் கண்ணுக்கும் படாமல்.

பிரிஸ்டலில் ஒரு கடன் பாக்கி

சீஷத்துவம் ஒரு சபை இயக்கத்தையே எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு வரலாற்றில் நான் மறுபடியும் மறுபடியும் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லி 1739-இல் அங்கே திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் திரளாக வந்து கேட்டார்கள். அவர்கள் கூடுவதற்காக "புது அறை" என்ற பெயரில் ஒரு கட்டடம் எழும்பியது. அதோடு கடனும் ஏறியது. 1742 பிப்ரவரி 15 அன்று அந்தக் கடனை அடைப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர் எழுந்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி என்னும் சிறு காசு கொடுக்கலாம் என்றார். ஏழைகளால் அதுகூட முடியாதே என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதற்கு அவர், ஏழைகளில் பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடும்படியும், வாராவாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தருவதை வாங்கிக்கொண்டு குறைவதைத் தானே போட்டுவிடுவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அப்படியே பதினொரு பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

பணம் வசூலிக்கத்தான் போனார்கள். வாராவாரம் படியேறிப் போகிறவரின் கண்ணுக்குப் பணம் மட்டுமா தெரியும்? இன்னார் வீட்டில் சண்டை, இன்னார் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார், இன்னார் நோயாகக் கிடக்கிறார் என்று சேதிகள் வந்தன. வெஸ்லிக்கு உடனே புரிந்தது: இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான். அந்த வசூல்காரர்களையே ஒவ்வொருவரின் ஆத்தும நலத்தையும் விசாரிக்கும் தலைவர்களாக்கினார். வீடு வீடாகப் போவதில் நேரம் போனது. வேலைக்காரர்களாக இருந்தவர்களின் எஜமானர்கள் சிலர் உள்ளே விடவும் இல்லை. ஆகவே பன்னிரண்டு பேரளவிலான அந்தக் குழு வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடத் தொடங்கியது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இதுதான்.

அங்கே பெரிய பாடத்திட்டம் எதுவும் இல்லை. உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று தலைவர் ஒவ்வொருவரையும் கேட்பார். தேவைக்கேற்பத் தேற்றுவார், புத்தி சொல்வார், கண்டிப்பார். தீமை செய்யாதே, இயன்ற நன்மையெல்லாம் செய், ஆராதனை ஜெபம் திருவிருந்து போன்ற தேவன் நியமித்த வழிகளை விடாதே என்ற மூன்று பொது விதிகளை வெஸ்லி 1743-இல் அச்சிட்டுக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் டிக்கெட் புதுப்பிக்கப்பட்டது. தலைவர்களில் பலர் சாதாரணத் தொழிலாளிகள். பெண்களும் தலைவர்களாக இருந்தார்கள். குருப்பட்டம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த இயக்கத்தில், அடுத்த மனிதரின் ஆத்துமாவுக்குப் பொறுப்பேற்கக் கற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். வெஸ்லி 1791-இல் இறந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து மெதடிஸ்ட் உறுப்பினர்கள் 70,000-ஐத் தாண்டியிருந்தார்கள்.

இதற்கு மறுபுறத்தையும் வெஸ்லியே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1763-இல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயருக்குப் போனபோது, முன்பு பலத்த பிரசங்கம் நடந்த இடங்களில் ஒழுங்கான சங்கமோ குழுக்களோ இல்லாததால், விழித்தவர்களில் பெரும்பாலோர் முன்னிலும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருந்ததைக் கண்டார். எழுப்பிவிடப்பட்டவர்களை ஒன்றுசேர்த்துப் பயிற்றுவிக்காமல் அப்போஸ்தலனைப் போலப் பிரசங்கித்தாலும், அது கொலைகாரனுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுப்பதாகும் என்று எழுதினார். கடுமையான வார்த்தைதான். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் காணாமல் போனதைக் கண்ணால் பார்த்த மேய்ப்பன் வேறு எப்படி எழுதுவான்?

நெல்லைச் சீமையில்

இதே பாடத்தை நம் மண்ணும் கற்றது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையாரை மையமாகக் கொண்டு 1780-இல் பதிவேட்டில் எழுதப்பட்ட முதல் சபையில் நாற்பது பேர் இருந்தார்கள். சத்தியநாதன், தாவீது சுந்தரானந்தம் போன்ற தமிழ் ஊழியர்களின் உழைப்பால் விசுவாசம் தெற்கே பனங்காட்டு ஊர்களுக்குப் பரவியது. விசுவாசிகளின் புகலிடமாக முதலூர் 1799-இல் உருவானது. 1802, 1803 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அத்தனை பேரையும் பேணும் அளவுக்கு உபதேசியார்களோ போதகர்களோ இல்லை. உபத்திரவமும் வந்தது, கொள்ளை நோயும் வந்தது. பலர் பின்வாங்கிப் போனார்கள். நிலைத்து நின்றவர்களைக் குறித்துத்தான் நாம் வியக்க வேண்டும். அத்தனை வறட்சியிலும் அவர்கள் நின்றார்கள்.

1816-இல் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹவ் இந்தச் சிதறிய சபைகளைத் தேடிப் போனார், பள்ளிகளைத் திறந்தார். 1820-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்தார். ஊர் ஊராகப் பிரசங்கித்ததோடு அவர் நிற்கவில்லை. உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கினார். கிராமங்களில் இருந்த உபதேசியார்களைத் தவறாமல் ஒன்றுகூட்டி அவர்களோடு வேதத்தை ஆராய்ந்தார். ஒரு கிராமத்துச் சபையின் அன்றாட வாழ்வு அந்த உபதேசியாரின் தோளில் இருந்தது. காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதும், சண்டையைத் தீர்ப்பதும், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை மிஷனெரிமார் பெயர்களைக் கொண்டே எழுதுகிறோம். அதை வளர்த்தெடுத்தவர்கள் பெயர் தெரியாத அந்த உபதேசியார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

தோர்ணக்கல்

அந்தத் திருச்சபையின் பிள்ளைதான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் முன்னின்றார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையால் தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரிகளை அனுப்பிய சங்கம் அது. சில ஆண்டுகளில் அசரியாவே நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்.

அவரிடம் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். எழுத்தறிவு அரிது. பகலெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை. இவர்களைச் சீஷராக்குவது எப்படி? கிராம ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்; அந்த ஆசிரியர்கள் கிராமத்திலேயே குடியிருந்து, வேலை முடிந்து மக்கள் திரும்பிய இரவுகளில் கற்றுக்கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் காதால் கேட்டு மனதில் பதித்தார்கள். வேதக் கதைகள் தெலுங்குப் பாட்டாகவும் நாடகமாகவும் ஆயின. அசரியா மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் அந்த மக்களைப் பிடித்த பேய்கள் என்று எதிர்த்தார். கைக்கொள்ளும்படி உபதேசிப்பது என்றால் அவருக்குக் கடன் பத்திரமும் கள்ளுக்கடையும் அதற்குள் வந்தன.

அவருடைய ஞானஸ்நான வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்ற பொருளில் சொல்ல வேண்டும். இரண்டாவது பகுதி 1 கொரிந்தியர் 9:16-இல் பவுல் சொன்னது. நேற்றுவரை யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு கூலிப் பெண்ணின் வாயில் அப்போஸ்தலனின் வார்த்தையை வைத்தார் அசரியா. நாளைக்குக் கற்றுத் தேறிய பிறகு சாட்சி சொல்லலாம் என்று அவளைக் காக்க வைக்கவில்லை. கற்றுக்கொள்வதும் கற்றுக்கொடுப்பதும் அதே நாளில் தொடங்கின. அவள் வாழ்க்கை மாறியதை எதிர் வீதியில் இருந்த மேல்சாதி வீடுகளும் பார்த்தன. பின்னாளில் அந்த வீதிகளிலிருந்தும் மக்கள் சபையைத் தேடி வந்தார்கள்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டார் முன்னிலையில் நின்று அசரியா கேட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள்; நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். சீஷத்துவத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. போதனை கிடைக்கும், பண உதவி கிடைக்கும், பிரார்த்தனையும் கிடைக்கும். நண்பர் கிடைக்காவிட்டால் புதிதாக வந்தவர் ஒரு விருந்தாளியாகவே இருந்துவிட்டு ஒருநாள் எழுந்து போய்விடுவார்.

அப்படியானால் சபை எப்படி வளர்கிறது?

முதலில் தங்குகிறது. வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்க, போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தால் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை. இந்தியாவில் மக்கள் திரளாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த இயக்கங்களை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்ட மெதடிஸ்ட் மிஷனெரி வாஸ்கம் பிக்கெட், மக்கள் என்ன நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் பராமரிப்புமே அவர்களது விசுவாச வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தன என்ற முடிவுக்கு வந்தார். அரிசிக்காக வந்தவர்கள் என்று பழித்துப் பேசுகிறவர்களும், அந்தப் பழிக்குக் கூனிக் குறுகுகிறவர்களும் இதை நின்று யோசிக்கலாம்.

அடுத்து, சுமக்கும் தோள்கள் பெருகுகின்றன. நூறு குடும்பமுள்ள ஒரு சபையில் எல்லா மருத்துவமனைச் சந்திப்புக்கும் எல்லா வீட்டு ஜெபத்துக்கும் போதகர் ஒருவரே ஓடினால், அவருடைய உடல்பலம் எந்த அளவோ அந்த அளவோடு சபை நின்றுவிடும். யாத்திராகமம் 18-இல் மோசேயின் மாமனார் எத்திரோ கண்டு எச்சரித்த களைப்பு இதுதான். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல் தன்னிடம் கேட்டதை உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவிக்கும்படி தீமோத்தேயுவிடம் சொல்கிறார். அவர்கள் மற்றவர்களுக்குப் போதிப்பார்கள். ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை. இதை வைத்து, ஒருவர் இருவராகி, இருவர் நால்வராகி, இத்தனை ஆண்டில் உலகமே சீஷராகிவிடும் என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டுவார்கள். அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. மனிதர்கள் வட்டிக் கணக்குப் போல வளர்வதில்லை. சிலர் நின்றுபோவார்கள், சிலர் மாற்குவைப் போலத் திரும்பி வருவார்கள். ஆனாலும் இரண்டு மூன்று பேரை உண்மையாக வளர்த்த ஒருவர் இறந்த பிறகும் அந்தச் சபையில் அவருடைய வேலை நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஊராரின் பார்வையும் மாறுகிறது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறவர், மருமகளை மரியாதையாக நடத்துகிறவர், எடையைச் சரியாக நிறுக்கிறவர் ஒரு தெருவில் இருந்தால், அவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்று அந்தத் தெருவே தெரிந்துவைத்திருக்கும். துண்டுப் பிரதிக்கு அந்த வலிமை கிடையாது.

பக்கத்துச் சபையிலிருந்து பத்துக் குடும்பங்கள் நம் சபைக்கு மாறி வருவதை வளர்ச்சி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இசைக்குழு நன்றாக இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது என்று வந்தவர்கள் அதைவிட நல்ல இடம் கிடைத்ததும் போவார்கள். தேவனுடைய வீட்டுக் கணக்கில் அதனால் ஒருவரும் கூடவில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது

சீஷத்துவத்தின் பெயரால் ஆட்களை அடக்கி ஆளவும் முடியும். 1970-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்கு முழுவதும் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்று கற்பித்த ஓர் இயக்கம் எழுந்தது. வேலை, திருமணம், பணம் வரைக்கும் மேய்ப்பரின் சம்மதம் கேட்கும் நிலை சில இடங்களில் வந்தது. பலர் காயப்பட்டார்கள், இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர் பிற்காலத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் குருபக்தியும் பெரியவர் சொல் தட்டாத பழக்கமும் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால், இந்த ஆபத்து நமக்கு அருகிலேயே இருக்கிறது. நீங்கள் வளர்க்கிறவர் உங்களைச் சார்ந்தே நின்றால், அவர் உங்கள் சீஷராகிவிட்டார், இயேசுவின் சீஷராகவில்லை. அவர் நம்பிச் சொன்னது ஜெபக் குறிப்பாக ஊரைச் சுற்றக் கூடாது. ஆண்களோடு ஆண்களும் பெண்களோடு பெண்களும் சந்திப்பது நல்லது. சிறுவர்களை ஒருபோதும் தனியறையில் சந்திக்க வேண்டாம். பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள்.

எங்கே தொடங்குவது?

ஞானஸ்நான வாக்குறுதிகளை நாமே உறுதிப்படுத்தும் திடப்படுத்தலை நான் பெற்ற சில மாதங்களில் ஆராதனைக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்தினேன். என்னோடு வகுப்பில் இருந்த பலரும் அப்படித்தான் நின்றுபோனார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்த ஓர் அக்கா ஒரு மாலை வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நாலு வாரமாக உன்னைக் காணவில்லையே, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, வசனம் சொல்லவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வரும் சனிக்கிழமை தான் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போவதாகவும் பழப் பையைத் தூக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். பை தூக்கப் போனேன். அந்த வார்டில் அவர் ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்ததைப் பார்த்த அன்றுதான், பல வருடமாக வகுப்பில் கேட்ட ஜெபம் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது.

ஆகவே பெரிய திட்டம் எதையும் வரைய வேண்டாம். உங்கள் சபையில் ஒருவரை, அல்லது இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் வந்தவர், அல்லது சமீபமாகக் காணாமல் போனவர். போதகரிடம் சொல்லிவிட்டு அவரிடம் பேசுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரே நாளில், ஒரே இடத்தில் சந்திப்பதாக முடிவு செய்யுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறு அதிகாரங்கள் இருக்கின்றன. வாரம் ஒன்றாக வாசித்தால் ஏறக்குறைய நான்கு மாதம். சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தடுமாறுகிறவராக இருந்தால் நீங்கள் வாசியுங்கள், அவர் கேட்கட்டும். வாசித்த பிறகு, இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், இந்த வாரம் நான் செய்ய வேண்டியது எது என்று இரண்டே கேள்விகள் போதும். அடுத்த வாரம் சந்திக்கும்போது, போன வாரம் செய்வதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று அவர் உங்களைக் கேட்கட்டும். நீங்களும் அவரைக் கேளுங்கள். செய்யாமல் விட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிரியர் தோற்றதை ஒப்புக்கொள்வதைப் பார்க்கும் மாணவருக்குத் தன் தோல்வியைச் சொல்லத் தைரியம் வரும்.

எனக்கே வேதம் அவ்வளவாகத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த கணவன் மனைவி. வேதாகமங்களில் வல்லவரும் நாவன்மை உள்ளவருமான அப்பொல்லோவின் போதனையில் குறை இருந்ததைக் கவனித்தபோது சபை நடுவில் எழுந்து திருத்தவில்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். இன்றைக்கும் ஒரு சாப்பாட்டு மேசையும், கூடுதலாக ஒரு தட்டும் இருந்தால் அதைச் செய்யலாம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலையும்போது, யாரோடும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் ஒருவர் இருப்பார். அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.